நாவடக்கமும் அரசின் சட்டமும்

வாயினின்று பிறந்த சொல் காற்றோடு கலந்து மறையும் என்பது முன்னோர் காலத்து நிலை. ஏசியவன் வீடு திரும்பினால் ஏச்சும் அவனோடு திரும்பும். ஊர் உறங்கினால் வம்பும் உறங்கும். இன்றோ ஒருவன் தன் படுக்கையிற் கிடந்தவாறே கைப்பேசியில் தட்டிய ஒரு வசைச்சொல், அவன் உறங்கிய பின்னும் உறங்குவதில்லை. அது கடல் கடந்து செல்கிறது. அறியாதார் ஆயிரவர் கண்ணிற் படுகிறது. ஓராண்டு கழித்துத் தேடினும் அன்று சொல்லியவாறே அழியாமல் நிற்கிறது. நாவிற்கு எலும்பு இல்லை என்பர். இக்காலத்து நாவிற்கோ எல்லையும் இல்லை.

இத்தீவுகளில் வாழும் நமக்கு இது புதிய துன்பம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள், சென்னையினின்று கடலடியே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம் இடப்பெற்ற கம்பித்தொடர் இங்குத் திறந்து வைக்கப்பெற்றது. அதற்குமுன் செயற்கைக்கோளின் வழியே வந்த இணையம், ஒரு படம் இறங்குவதற்குள் உலை கொதித்து அடங்கும் வேகத்தில் இருந்தது. இன்று வண்டூர்ப் படகுத்துறையில் நிற்பவரும் சென்னையில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுகின்றார். மாணவன் பாடம் கேட்கிறான். நோயாளி மருத்துவரிடம் ஐயம் தெளிகின்றார். அந்தக் கம்பியின் வழியேதான் வசையும் வந்தது. கம்பியின்மீது குற்றமில்லை. வாய்க்காலில் நன்னீரும் வரும், சாய நீரும் வரும்; எதை விடுகிறோம் என்பதே வினா.

உடலாற் செய்யும் தீமை மூன்று, சொல்லாற் செய்யும் தீமை நான்கு, உள்ளத்தாற் செய்யும் தீமை மூன்று என்று நம் நெறி பத்தாகப் பகுத்துள்ளது. மணிமேகலைக் காப்பியமும் இப்பத்தினையும் எண்ணிக் காட்டும். பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கும் சொல்லின் தீமைகள். கொலையும் களவும் உள்ளிட்ட உடலின் தீமைகளினும் சொல்லின் தீமைகள் எண்ணிக்கையில் மிக்கன என்பதை அன்பர்கள் கருதுக. இந்நான்கிற்கும் இன்று புதிய கருவிகள் கிடைத்துள்ளன. பொய்க்குப் போலிப் படம் துணையாயிற்று. குறளைக்கு, வந்த செய்தியைப் பிறர்க்குத் தள்ளிவிடும் ஒற்றைத் தட்டல் துணையாயிற்று. கடுஞ்சொல்லுக்குப் பெயரை மறைக்கும் திரை துணையாயிற்று. பயனில்சொல்லுக்கோ இரவும் பகலும் துணையாயின.

நிற்க. சென்ற வைசாகப் பூரணையன்று நம் பிள்ளைகள் விளக்கேற்றி வணங்கிய படம் ஒன்றைத் தங்கள் முகநூற் பக்கத்தில் இட்டனர். மறுநாட் காலைக்குள் அதன்கீழ், முன்பின் அறியாதார் பலர், நம் பிறப்பைச் சொல்லியும் நம் பெண்களின் நிறத்தைச் சொல்லியும் எழுதலாகாதவற்றை எழுதியிருந்தனர். பிள்ளைகள் எம்மிடம் வந்து மூன்று வினாக்கள் விடுத்தனர். திருப்பி ஏசலாமா? பகவன் பொறுமையைப் போதித்தாராகலின் பேசாமல் இருந்துவிட வேண்டுமா? காவல் நிலையத்திற்குச் சென்றால் அது பகைமை பாராட்டியதாகாதா? இவ்வினாக்கள் இப்பிள்ளைகளுடையன மட்டுமல்ல. நம் மக்கள் வாழுமிடமெல்லாம் எழுவன. ஆகலின் இவற்றை இங்கு ஆராய்வோம்.

முதல் வினாவிற்கு விடை எளிது. பகவனை ஒரு பிராமணன் வாயாரத் திட்டிய வரலாற்றை அறிவோம். விருந்தினர்க்கு வைத்த உணவை அவர் ஏற்காவிடில் அது யாருடையதாகும் என்று பகவன் வினவ, வைத்தவனுடையதே என்றான் அவன். அவ்வாறே நீ அளித்த வசையை யாம் ஏற்றிலேம். அது நின்னுடையதே என்பது பகவன் கருத்து. திருப்பி ஏசுவோன் அவ்வுணவைப் பகிர்ந்து உண்டவன் ஆகிறான். மேலும், வலைத்தளத்தில் விடையாக எழுதும் வசை, முதல் வசையை இன்னும் நூறு பேர்க்குக் காட்டும் விளக்காக அமைகிறது. ஆகலின் திருப்பி ஏசுதல் அறமுமன்று, பயனுமன்று.

இரண்டாம் வினாவே நாம் நின்று சிந்திக்கத் தக்கது. விருந்துணவைப் பற்றிய அவ்வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏச்சுக்கு ஆளானவரை நோக்கி, ‘பொறுத்துக்கொள்’ என்று போதிப்பார் பலர். ஏசியவனை நோக்கி அவர்கள் வாய் திறப்பதில்லை. இது பௌத்தம் ஆகாது. வலியவர்க்கு வசதியான ஒரு பழக்கமேயாகும். இதற்குச் சான்று வினயத்திலேயே உள்ளது.

பிக்குகளுள் சிலர் நல்லொழுக்கமுடைய பிற பிக்குகளை இழித்துப் பேசினர். பகவன் அங்கே, இழிக்கப்பட்டோர் பொறுத்துக்கொள்க என்று சொல்லி அமையவில்லை. இழித்துரைத்தல் குற்றம் என்று விதி வகுத்தார். எவற்றைச் சொல்லி இழித்தல் குற்றம் என்று பத்து வகையும் எண்ணப்பெற்றன: பிறப்பு, பெயர், குலம், தொழில், கைத்திறம், நோய், உடற்குறி, மனமாசு, செய்த பிழை, இழிவசை என்பன அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு விதிநூல், பிறப்பைச் சொல்லி ஏசுதலை முதற்கண் வைத்து எண்ணியிருத்தல் நமக்கு எத்துணைப் பெரிய செல்வம்! அவ்விதியை விளக்கும்போதே நந்திவிசாலன் என்னும் எருதின் கதையும் சொல்லப்பெறுகிறது. உடையவன் ஆயிரம் பொன் பந்தயம் கட்டி, நூறு வண்டிகளைப் பிணித்து, எருதை இழிசொல்லால் அதட்டினான், அது அசையவில்லை, பொன் போயிற்று. பின்னர் இன்சொல்லால் அழைத்தான்; நூறு வண்டிகளையும் இழுத்தது; இரண்டாயிரம் பொன் வந்தது. விலங்கிற்கே மானம் உண்டெனின் மனிதர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே இரண்டு கடமைகள் உள. பொறுமை, ஏசப்பட்டவன் தன் உள்ளத்தைக் காத்துக்கொள்ளும் கடமை. தடுத்தல், அவன் வாழும் சமுதாயத்தின் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கைவிடுதல் கூடாது. அடிபட்டவன் அழாமல் இருப்பது அவன் பெருமை. அடித்தவன் கையைப் பிடியாமல் நிற்பது ஊரின் சிறுமை.

அக்கடமையை அரசு எவ்வாறு ஆற்றியது என்பதை இனிப் பார்ப்போம். பேரரசன் அசோகன், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தைப் பழித்தலை விடுத்து நாவை அடக்குக என்னும் கருத்தைத் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டிற் பொறித்தான். அவன் கல்லில் எழுதி நெஞ்சைத் திருத்த முயன்றான். இக்காலத்து அரசுகள் சட்டத்தால் முயல்கின்றன. செருமனி 2017-இல் ஒரு சட்டம் செய்தது. இங்கிலாந்து 2023-இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்தலைத் தடுத்தது.

இந்தியாவின் வரலாறு நமக்கு இரு பக்கமும் பாடம் தருவது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் 66ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மிக இழிவானதும் எரிச்சலூட்டுவதுமான செய்தியை அனுப்புவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. நோக்கம் நன்றே, சொற்களோ எல்லையற்றவை. எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல்? 2012 நவம்பரில் மராட்டியத்துப் பால்கர் என்னுமூரில், ஒரு தலைவரின் இறுதிச் சடங்கிற்காக நகரம் முழுதும் அடைக்கப்பட்டதைப் பற்றி ஓர் இளம்பெண் முகநூலில் சிலவரி எழுதினாள். அதனை விரும்பியதாகக் குறியிட்டாள் மற்றொருத்தி. இருவரும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு 24-ஆம் நாள் அப்பிரிவை முழுதும் செல்லாது என்று தீர்த்தது. செத்த பிரிவின்கீழ் அதன் பின்னும் வழக்குகள் பதிவாயின என்பதைக் கேட்டு அந்நீதிமன்றம் 2021-இல் திகைத்தது.

மற்றொரு பக்கத்தையும் காண்க. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேற்றுடலோடு ஒட்டிய பொய்ப்படம் முகநூலில் இடப்பட்டது. பெற்றோர் காவல்துறையிடம் முறையிட்டனர். நாள்கள் கடந்தன. படம் நீங்கும் முன் அவள் உயிர் நீங்கியது. தாமதத்திற்கு மாவட்டக் காவற்கண்காணிப்பாளரே பின்னர் வருத்தம் தெரிவித்தார். பால்கரில் சட்டம் ஓடி வந்தது, ஓட வேண்டாத இடத்திற்கு; சேலத்தில் சட்டம் நடந்து வந்தது, ஓட வேண்டிய இடத்திற்கு. அரசு மிகுதியாகச் செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்று வாதிடுவோர் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதன் பின்னர் வந்த ஏற்பாடுகள் சில. 2019 ஆகஸ்டில் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளம் திறக்கப்பெற்றது. வீட்டிலிருந்தே முறையிடலாம் என்னும் வசதி வந்தது. 1930 என்னும் தொலைபேசி எண் பணமோசடிக்கே முதன்மையாக ஏற்பட்டது எனினும் இணையக் குற்ற உதவிக்கு அறியத்தக்கது. 2021 பிப்ரவரி 25-இல் வெளியான விதிகள், ஒவ்வொரு வலைத்தள நிறுவனமும் குறைகேட்கும் அலுவலர் ஒருவரை வைத்தல் வேண்டும் என்றன. முறையீட்டை ஒரு நாளைக்குள் ஏற்றுப் பதினைந்து நாள்களுக்குள் முடித்தல் வேண்டும் என்றன. பெண்ணின் உடலை வெளிப்படுத்தும் படத்தையும் அவ்வாறு பொய்யாய்ப் புனைந்த படத்தையும், பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்திற்குள் நீக்குமாறு பணித்தன. நிறுவனத்தின் விடை போதாதெனின் மேல்முறையீடு செய்வதற்குரிய குழுக்கள் 2023-இல் அமைந்தன. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து கண்காணித்தலையும் குற்றமாக வைத்துள்ளது.

நம் மக்கள் சிறப்பாக அறியவேண்டியது மற்றொன்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தார் ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் சாதிப்பெயர் சொல்லி ஏசுதலைக் குற்றம் என்கிறது. பௌத்தம் தழுவியோர்க்கும் பட்டியலினத் தகுதி உண்டு என்று 1990-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்றது. இணையத்தில் சொல்லும் ஏச்சு பொதுமக்கள் பார்வையில் சொன்னதாகுமா? ஆகும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறிற்று. அப்பதிவை எவர் எப்பொழுது திறந்தாலும் ஏசப்பட்டவர் அங்கு இருப்பதாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பட்டியலினத்தார் ஒருவர்மீது சொன்ன கடுஞ்சொல் எல்லாம் இச்சட்டத்துள் அடங்காது. அவர் அவ்வினத்தார் என்னும் காரணத்தால் இழிவுபடுத்தும் எண்ணம் வேண்டும் என்று வரையறுத்தது. இத்தீவுகளிலோ மேலும் ஓர் இடர் உண்டு. அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்கெனப் பட்டியல் சாதி எதுவும் அறிவிக்கப்பெறவில்லை. ஏச்சு கப்பலேறி வந்துவிட்டது, பட்டியல் கப்பலேறவில்லை. ஆகவே இங்கு முறையிடுவோர் தமிழ்நாட்டிற் பெற்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தக்க வழக்கறிஞரைக் கலந்து, பிற பிரிவுகளையும் சேர்த்து முறையிடுதல் அறிவுடைமை.

இவ்வளவு சட்டமிருந்தும் அச்சம் ஏன் என்று சிலர் வினவுவர். அச்சத்திற்கு இடமுண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளி ஒருவரோடு தொலைபேசியிற் பேசியதற்காகக் குடும்பங்களை வீட்டிலேயே ஏன் அடைக்கின்றனர் என்று டுவிட்டரில் வினவிய பத்திரிகையாளர் ஒருவர், நம் போர்ட் பிளேரிலேயே கைது செய்யப்பட்டுப் பின்னர்ப் பிணையில் விடப்பட்டார். அந்நகர்க்கு ஸ்ரீ விஜயபுரம் என 2024-இல் பெயர் மாறிற்று. வினவுவோன்மீது எழும் சினம் பெயர் மாற்றத்தால் மாறுவதன்று. அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே தீர்ப்பதற்கு 2023-இல் செய்த விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாதாக்கியது. இலங்கையில் 2024 சனவரி 24-இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐவர் கொண்ட ஆணைக்குழுவின் கையில் பெரிய அதிகாரத்தை வைத்தது. ஏச்சைத் தடுக்க வந்தது குறைகூறுவோரைத் தடுக்கும் என்று உரிமைக் காவலர் பலர் அஞ்சினர்.

ஏசுதலும் குறைகூறுதலும் வேறு வேறு. வினயம் இவ்வேறுபாட்டை நுட்பமாக உணர்ந்திருந்தது. மேற்கூறிய விதியை வகுத்த இடத்திலேயே, பொருளை விளக்கவோ, அறத்தை உணர்த்தவோ, அறிவுரை கூறவோ சொன்ன சொல் குற்றமாகாது என்று விலக்கும் வைக்கப்பெற்றது. இன்னொன்றும் கருதுக. சாரிபுத்தர் சங்கத்திற்கு விதிகளை வகுத்தருளுமாறு வேண்டியபோது, குற்றம் தோன்றிய பின்னரே விதி வகுக்கப்படும் என்று பகவன் காத்திருந்தார். இவற்றினின்று நாம் பெறும் அளவுகோல் மூன்று: நிகழ்ந்த தீமையைக் கண்டே சட்டம் செய்க, தடுப்பது எதனை என்று எண்ணிச் சொல்லுக, நன்னோக்கிற் சொன்னதற்கு விலக்கு வைக்க. 66ஏ பிரிவு இம்மூன்றில் இரண்டாவதிலேயே இடறிற்று.

வண்டூர்க் கடற்கரையை அறிந்தவர்க்கு ஓர் உவமை சொல்வோம். முதலை வரும் கடலாகலின், அங்குக் குளிப்போர்க்கென ஓரிடத்தை வலையாற் சூழ்ந்து காத்துள்ளனர். அவ்வலை முதலையைத் தடுப்பதற்கு, குளிப்பவரைப் பிடிப்பதற்கன்று. கண் பெரிதானால் முதலை நுழையும். கரையிலிருப்பவர்மீதே வலையை வீசினால் குளிக்க யாரும் வாரார். சட்டமும் அத்தகையதே. யாரைக் காக்க விரித்தோம் என்பதை மறந்த வலை, முதலையினும் கொடிது.

அரசை மட்டும் பேசி, வலைத்தள நிறுவனங்களை விடுதல் நேர்மையன்று. ஆலையில் யாம் தறி ஓட்டிய நாளில் ஒன்றைக் கண்டுளேம். பாவின் ஒவ்வோர் இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். தகடு விழுந்தால் தறி தானே நிற்கும். ஓரிழை அறுந்த துணியை நூறு கெசம் நெய்துவிட்டுப் பின்னர் வருந்துதல் கூடாதென்று எந்திரம் செய்தவன் முன்னரே எண்ணினான். இந்நிறுவனங்களின் எந்திரமோ, இழை அறுந்த இடத்தில்தான் விரைந்து ஓடுகிறது. சினத்தை மூட்டும் செய்தியை மக்கள் மிகுதியாகப் பார்க்கின்றனர். மிகுதியாகப் பார்க்கப்படுவதை எந்திரம் மேலும் பலர்க்குக் காட்டுகிறது. அதனால் விளம்பரப் பணம் பெருகுகிறது. நிறுத்தும் தகடு வைத்தால் பயனுண்டு என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்துளர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியால் வெறிகொண்ட கூட்டம் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. இத்தகைய கொலைகள் நாட்டிற் பலவிடத்தும் நிகழ்ந்த பின்னர், அவ்வாண்டு சூலையில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளலாகாது என்று அந்நிறுவனம் இந்தியாவில் அளவு வைத்தது. தகடு அவர்களிடம் இருந்தது. விழுவதற்குச் சில உயிர்கள் வேண்டியிருந்தன.

இனிச் சொல்வது நம்மவர்க்கே உறைக்க வேண்டியது. ஏசப்படுவோர் நாம் என்று மட்டும் எண்ணி அமைதல் கூடாது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. உணவில் மலட்டு மருந்து கலக்கின்றனர் என்னும் பொய்யும், இனத்தைப் பழிக்கும் வசையும் முகநூலிற் பரவி அத்தீயை ஊதின. அரசு சமூக வலைத்தளங்களை ஒரு வாரம் முடக்கியது. அந்நிறுவனம் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. மியன்மாவில் 2017 ஆகஸ்டு முதல் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட ரோஹிங்கியர் உயிர்தப்பி வங்காள தேசம் ஓடினர். அவர்களை இழித்துரைத்த சொற்களைத் தடுக்கத் தாம் போதிய அளவு முயலவில்லை என்று அந்நிறுவனமே 2018-இல் ஒப்பியது. அவ்வசைகளை எழுதிய கைகளுட் பல, புத்தர் சிலைக்கு மலர் தூவிய கைகள். காவியுடுத்த பிக்கு ஒருவரே வெறுப்பைப் பேசியதற்காக, அந்நாட்டுச் சங்க நாயகக் குழு 2017 மார்ச்சில் ஓராண்டிற்கு அவர் அறவுரை ஆற்றுதலைத் தடுத்தது. சரணம் சொல்லிய நாவே சாபம் சொல்லுமாயின், அச்சரணம் நாவோடு நின்றுவிட்டது, நெஞ்சிற்கு இறங்கவில்லை. நம்மை ஏசுவோர் நமக்குச் செய்வதை நாம் வேறொருவர்க்குச் செய்யும் நாள் வருமாயின், நாம் சமயம் மாறியதாற் பெற்றது என்ன?

அரசும் நிறுவனமும் செய்ய இயலாத ஒன்று உண்டு. அதனைச் செய்யவல்லவர் கேட்போரும் காண்போரும் ஆகிய நாமே. கோசம்பியில் பிக்குகள் ஒரு சிறு குற்றம் பற்றி இரு கட்சியாய்ப் பிரிந்து, ஒருவரையொருவர் வைது பூசலிட்டனர். பகவன் சொல்லியும் கேட்டிலர். அவர் காட்டிற்குச் சென்றார். அப்பூசலை அடக்கியவர் யார்? ஊர் மக்கள். பூசலிடுவோர்க்கு வணக்கமும் இல்லை, சோறும் இல்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். ஓடு வெறுமையானதும் வாய் அடங்கிற்று. பிக்குகள் பகவனை நாடிச் சென்று இணங்கினர்.

இக்காலத்தில் வசைபாடுவோன் ஏந்தும் ஓடு நம் கண்ணும் நம் விரலும் ஆகும். நாம் பார்க்கும் பார்வையே அவன் பெறும் பிச்சை. சிரித்துப் பார்த்தாலும் பிச்சை. சினந்து எழுதினாலும் பிச்சை. ‘இக்கொடுமையைப் பாரீர்’ என்று பிறர்க்குத் தள்ளினாலும் பிச்சையே. யாம் உழைத்த ஆலை ஒன்றில், ஒதுக்கிடச் சுவரில் எவனோ கரியால் எம் பிறப்பைச் சொல்லி எழுதுவான். மேலாளர் சுண்ணாம்பு பூசுவிப்பார். அது காயுமுன் மீண்டும் எழுத்து வரும். நூற்புப் பகுதியின் முதிய தொழிலாளி ஒருவர், அதனைப் படித்து நகைத்தவனை நிறுத்தி, ‘எழுதினவன் யாரென்று எனக்குத் தெரியாது, தம்பி, சிரித்தவன் யாரென்று தெரியும்’ என்றார். அதன்பின் அங்கு நகைப்பவர் குறைந்தனர். நகைப்பவர் குறையவே எழுத்தும் குறைந்தது. சுண்ணாம்பு செய்யாததை அம்முதியவரின் ஒரு சொல் செய்தது.

ஆயினும் பாராமுகமாய் இருத்தல் என்பது ஏசப்பட்டவரைத் தனியே விடுதல் ஆகாது. வசைக்கு முகம் திருப்புக; வசைபட்டவர்க்கு முகம் கொடுக்க. ஒரு பெண்ணின் பொய்ப்படம் பரவிற்றெனில், ‘நீ ஏன் படம் எடுத்தாய்?’ என்று வினவும் தாய்தந்தையர், ஏசியவனின் வேலையை முடித்துக் கொடுப்பவர் ஆவர். அவள் பக்கத்தில் முதலில் அமருங்கள். நடந்தது அவள் குற்றமன்று என்று சொல்லுங்கள். இரவு அவளைத் தனியே விடாதீர். பிறகு மற்றவை.

அம்மற்றவற்றையும் முறையாகச் சொல்லுவோம். வந்த வசையை அழிக்குமுன் திரையைப் படமெடுத்து, நாளும் நேரமும் எழுதியவன் கணக்கின் பெயரும் தெரியுமாறு வைத்துக் கொள்க. அவனுக்கு விடை எழுதற்க. அத்தளத்தின் குறைகேட்கும் அலுவலர்க்கு முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துக் கொள்க. மானத்திற்கோ உயிருக்கோ ஊறு உண்டெனின் நாள் கடத்தாது காவல் நிலையத்திலோ தேசிய முறையீட்டுத் தளத்திலோ பதிவு செய்க. எழுதத் தெரியாதவர்க்கு எழுதத் தெரிந்த இளைஞர் எழுதிக் கொடுத்தல் இக்காலத்துச் சிறந்த தானம்.

இங்கு மூன்றாம் வினாவிற்கு விடை கிடைக்கிறது. காவல் நிலையம் செல்லுதல் பகைமையா? செல்லும் கால் பகைமையால் நடந்தால் பகைமை. காக்கும் எண்ணத்தால் நடந்தால் கடமை. ஏசுவோன் தன் வினையாற் தன்னையே கெடுத்துக் கொள்கிறான். அவன் கையைப் பிடித்து நிறுத்துதல் நமக்கு மட்டுமன்று, அவனுக்கும் நன்மையே. மருத்துவரிடம் நோயைச் சொல்பவன் நோயாளியின் பகைவன் ஆகான். அவன் தண்டிக்கப்பட்டான் என்று கேட்டு மகிழ்ந்தால் மட்டும், நம் உள்ளத்தை நாமே சோதித்துக் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, நம் விரலுக்கு ஒரு விதி. வண்டூர்த் துறையிலிருந்து ஜாலிபாய்த் தீவிற்குப் படகேறுவோர், நெகிழிப் பொருளை உடன்கொண்டு செல்லுதல் ஆகாது. பவளம் மடியும் என்பதால் பையைத் திறந்து பார்த்தே விடுகின்றனர். அங்குச் சோதிப்பவர் பிறர். சொல்லின் துறையிலோ சோதிப்பவன் அனுப்புபவனே. நற்சொல்லுக்குப் பகவன் காட்டிய ஐந்து இலக்கணங்களும் நம் பையைத் திறந்து பார்க்கும் ஐந்து வினாக்கள்: இது காலத்திற்கு ஏற்றதா? உண்மையா? இனியதா? பயனுடையதா? அன்போடு சொல்வதா? ஐந்திற்கும் ஆம் என்று நெஞ்சு சொல்லின் விரல் தட்டுக. ஒன்றிற்கேனும் இல்லை என்றால், சொல் கரையிலேயே நிற்கட்டும்.

சட்டம் வசையைக் குறைக்கும், வேரறுக்காது. வேர் உள்ளத்தில் உள்ளது. அங்குச் செல்லக் காவலர்க்கு வழியில்லை. ஆயினும், வேரறுப்பது நம் கடமை என்று சொல்லிக் கிளையை வெட்டும் அரசின் கடமையை நாம் மன்னிக்க வேண்டுவதில்லை. அரசிடம் நேரான சட்டம் கேட்போம். நிறுவனங்களிடம் நிற்கத் தெரிந்த எந்திரம் கேட்போம். நம்மிடம் நாவடக்கம் கேட்போம். இம்மூன்றும் கூடுமிடத்தில், நம் பிள்ளைகள் ஏற்றும் விளக்கைப் படமெடுத்து அஞ்சாது உலகிற்குக் காட்டுவர்.